எட்டு மணிக்கு வெட்டிய ரேஸ்

போன ஞாயிறு. மாலை எட்டு மணிக்கு ஒரு நிமிடம் இருந்தது. ஜெர்மனியில், கெல்சென்கிர்ச்சனில் ஒரு வீட்டின் ஹோலில் நாங்கள் மூன்று பேர் டிவிக்கு முன்னால் எழுந்து நின்றுகொண்டிருந்தோம்.

திரையில் ஒரு ஆள் தரையில் கிடந்தான். மஞ்சள் ஹெல்மெட். கை அசைகிறதா, கால் அசைகிறதா என்று மூவரும் குனிந்து பார்க்கிறோம்...

டக்கென்று படம் மாறியது. வட்ட மேசை. நாலு பேர். கோட்டு சூட்டு. ஃபுட்பால் பேச்சு.

ஜூன் மாதம்! ஃபுட்பால் சீசன் முடிந்து நாளாகிவிட்டது. ஆட்டமே இல்லை. யார் எந்த க்ளப்புக்குப் போகக்கூடும் என்று நாலு பேர் இருந்து ஊகிக்கிறார்கள். அதற்காக ரேஸை நடுவில் வெட்டினார்கள்.

தரையில் கிடந்தவன் அந்த வீட்டுப் பிள்ளையாக இருக்கலாம்.

இந்தக் கிழமை என் வாரப் பத்தியில் சிரிப்புக் கதை இல்லை, மன்னியுங்கள். நான் இன்னும் கோபத்தில்தான் இருக்கிறேன்.

குணம் அண்ணையையும் பவளம் அக்காவையும் உங்களுக்குத் தெரியாது. எனக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறார்கள். அண்ணைக்கு அறுபத்தெட்டு வயது. இரும்பு ஆலையில் முப்பது வருடம் வேலை செய்து பென்ஷன் எடுத்தவர். அக்கா ஆஸ்பத்திரி கிச்சனில் இருந்தவர். அக்காவுக்கு பென்ஷன் கந்தோரிலிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. ஜெர்மன்காரனுக்கே விளங்காத ஜெர்மனில் எழுதியிருப்பார்களே, அந்த வகை. வாசித்துச் சொல்லத்தான் போனேன்.

“கடிதம் ஓடாது பிள்ளை, இருங்கோ. ரேஸ் முடியட்டும்” என்றார் அண்ணை.

என்ன ரேஸ்? ஃபார்முலா ஒன் கார் பார்த்திருப்பீர்கள். அதற்கு அமெரிக்காவில் ஒன்றுவிட்ட சகோதரன் ஒன்று உண்டு. அதே மாதிரி, சக்கரத்துக்கு மூடி இல்லாத ஒல்லிக் கார். ஆனால் முட்டை வடிவ ஓடுதளத்தில், மணிக்கு முந்நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேலே பறக்கும். நடுநடுவே கார் உள்ளே வரும். ஆறு பேர் சுவரைத் தாண்டிக் குதிப்பார்கள். நாலு டயரையும் மாற்றி, எரிபொருளும் ஏற்றி, பத்து விநாடிக்குள் அனுப்பிவிட வேண்டும்.

அந்த ஆறு பேரில் ஒருவன்தான் தர்ஷன். அண்ணையின் ஒரே மகன். வலது பின்சக்கரம் அவன் பொறுப்பு.

இங்கேயே பிறந்து வளர்ந்த பெடியன். ஒரு கராஜில் அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி செய்து, பிறகு ஸ்டுட்கார்ட் பக்கம் ஒரு கார்த் தொழிற்சாலையில் நிரந்தர வேலை. நிரந்தர வேலை! நம்முடைய ஆட்கள் கல்யாணப் பேச்சில் முதல் வரியாகச் சொல்கிற அந்தச் சொல். அதை விட்டுவிட்டு, அமெரிக்காவில் ஒரு சின்ன ரேஸ் டீமுக்குப் போகிறேன் என்றான். அண்ணை நாலு மாதம் அவனோடு கதைக்கவில்லை.

ஐந்தாவது மாதம் ஒரு ரேஸைப் பார்த்தார். அவ்வளவுதான். இப்போது எந்த டயர் எத்தனை சுற்றுத் தாங்கும், எந்த டீமின் கார் எரிபொருள் கூட இழுக்கும், எல்லாம் விரல் நுனியில். கெல்சென்கிர்ச்சனில் இந்த ரேஸைப் பற்றி ஜெர்மன்காரன் யாருக்காவது சந்தேகம் வந்தால் கேட்க வேண்டிய ஆள் நம்முடைய குணம் அண்ணைதான்.

ஆனால் யாருக்குச் சந்தேகம் வரப்போகிறது? யார் பார்க்கிறார்கள்?

முன்பு பார்த்தார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஐரோப்பாவில் பெயர் எடுத்த ஓட்டுநர்களே அங்கே போய் ஓட்டியபோது, இங்கே திங்கட்கிழமைப் பேப்பரில் படத்தோடு வரும் என்று அண்ணையோடு வேலை செய்தவர்கள் சொல்வார்களாம். பிறகு அந்த ரேஸ்காரர்கள் தங்களுக்குள்ளே அடிபட்டு இரண்டாகப் பிரிந்தார்கள். இரண்டு அமைப்பு, இரண்டு போட்டி, இரண்டு தலைவர். ஒரு சங்கம் இரண்டாக உடைந்தால் வருகிற கூட்டம் என்ன ஆகும் என்று நமக்கா சொல்லித்தர வேண்டும்? பார்த்துக்கொண்டிருந்த சனம் இரண்டு பக்கமும் போகாமல் வீட்டுக்குப் போய்விட்டது. பன்னிரண்டு வருடம் கழித்து ஒன்றாகச் சேர்ந்தார்கள். போன சனம் முழுதாகத் திரும்பவில்லை.

சனம் இல்லை என்று பேப்பர்காரன் எழுதுவதை விட்டான். பேப்பரில் இல்லை என்று மிச்சச் சனமும் மறந்தது. டிவிக்காரன் மட்டும் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கி, ஞாயிறு மாலையில் ஓட்டை அடைக்கப் போடுகிறான். ஓட்டை எட்டு மணிக்கு முடிந்தால் ரேஸும் எட்டு மணிக்கு முடிந்தது!

அன்றைக்கு அங்கே மழை. ரேஸ் அரை மணி நேரத்துக்கு மேல் பிந்தித்தான் தொடங்கியது. எட்டு மணிக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது தர்ஷனின் கார் டயர் மாற்ற உள்ளே வந்தது. அண்ணை கதிரை நுனிக்கு வந்தார்.

“இப்ப பாருங்கோ. பின் வலது.”

நான் பார்த்தது ஒரு நொடி. பக்கத்து டீமின் கார் புறப்பட்டது. உள்ளே வந்துகொண்டிருந்த இன்னொன்றில் தட்டிச் சுழன்றது. பின்பக்கமாக வழுக்கிக்கொண்டு வந்து, டயரோடு நின்ற மஞ்சள் ஹெல்மெட் ஒன்றை அடித்தது. டயர் ஒரு பக்கம் பறந்தது. ஆள் மறுபக்கம்.

ஆறு பேரும் அதே மஞ்சள் ஹெல்மெட். அதே உடுப்பு. முகம் தெரியாது.

“ஐயோ, அது ஆர்?” என்றார் அக்கா. “எங்கட பிள்ளையோ?”

“இல்லை இல்லை. அது முன் சக்கரக்காரன்” என்றார் அண்ணை உடனே.

கார்கள் மஞ்சள் கொடியில் மெதுவாகச் சுற்றின. வர்ணனையாளர் குரலைத் தாழ்த்தி, ‘மருத்துவக் குழு போயிருக்கிறது, பொறுத்திருப்போம்’ என்றார். பொறுத்திருந்தோம். டிவிக்காரனால் பொறுத்திருக்க முடியவில்லை. ‘தொடர்ந்து நேரலையில் எங்கள் ஆப்பில் பாருங்கள்’ என்று ஒரு வரி கீழே ஓடியது. பிறகு வட்ட மேசை.

ஆப்பைத் திறந்தேன். அண்ணையின் கணக்கில் நுழைந்தேன். ‘மோட்டார் ரேஸ் பகுதி உங்கள் ஒப்பந்தத்தில் இல்லை.’ சேர்க்க முடியுமா? முடியும். அழுத்தினேன். ‘நன்றி! உறுதிப்படுத்தும் குறியீடு மூன்று வேலைநாட்களுக்குள் தபாலில் வரும்.’

தபாலில்!

உதவிக்கு ஒரு அரட்டை இயந்திரம் இருந்தது. சிரித்த முகம், பெண் பெயர். ‘எந்த விளையாட்டைப் பற்றி அறிய விரும்புகிறீர்கள்? ஃபுட்பால், டென்னிஸ், ஃபார்முலா ஒன், மற்றவை.’ மற்றவையை அழுத்தினேன். ‘எந்த விளையாட்டைப் பற்றி அறிய விரும்புகிறீர்கள்? ஃபுட்பால், டென்னிஸ்...’

தர்ஷனின் போனுக்கு அடித்தோம். ரேஸ் நேரம் போனைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடுவானாம். டீமின் அலுவலகத்துக்கு அடித்தோம். திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு எடுக்கச் சொல்லி ஒரு பதிவுக்குரல். ஜெர்மன் செய்தித் தளங்களைத் தேடினேன். சைக்கிள் ஓட்டம் இருந்தது. கோல்ஃப் இருந்தது. பெண்கள் கைப்பந்துப் பயிற்சியாளர் ஒருவர் மாறுகிறார் என்று இருந்தது. இது இல்லை.

அக்கா டிவிக்கு முன்னாலிருந்து நகரவில்லை. அந்த நாலு பேரின் ஃபுட்பால் பேச்சை ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டு நின்றார். இடையில் யாராவது சொல்லிவிடுவார்களோ என்று. வாழ்க்கையில் ஒரு கோல் பார்த்திராத மனுஷி.

“திருப்பிப் போடுவாங்களோ, பிள்ளை?”



அண்ணை என்னைக் கிச்சனுக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். பைப்பைத் திறந்துவிட்டார், தண்ணீர்ச் சத்தத்துக்கு.

“பிள்ளை, அது முன் சக்கரமில்லை. பின் வலதுதான். டயரைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கத்தால வாறது அவன் ஒருத்தன்தான்.”

தன் போனை எடுத்து என்னிடம் நீட்டினார்.

“அமெரிக்கச் சனம் எழுதுற ஒரு பக்கம் இருக்கு. இன்ரநெற்றில. ரேஸ் நடக்கேக்க எல்லாரும் அதில கதைப்பினம். நான் வாசிக்கிறதோட சரி, ஒருநாளும் எழுதினதில்லை. நீங்கள் எழுதுங்கோ.”

எழுதினேன். என் பள்ளிக்கூட ஆங்கிலத்தில். ‘நாங்கள் ஜெர்மனியில் இருக்கிறோம். இங்கே ஒளிபரப்பை நிறுத்திவிட்டார்கள். அடிபட்டவர் இந்த வீட்டுப் பிள்ளையாக இருக்கலாம். யாராவது அங்கே இருக்கிறீர்களா?’

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. லிண்டா என்று ஒருவர் பதில் போட்டார். ‘நான் ஸ்டாண்டில் இருக்கிறேன். அந்த இடத்துக்கு நேர் எதிரே. பொறுங்கள், கண்ணாடியை எடுக்கிறேன்.’ தூரப்பார்வைக் கண்ணாடியைச் சொல்கிறார்.

‘ஸ்ட்ரெச்சர் வந்திருக்கிறது.’

பிறகு ஒன்றும் இல்லை. நாலு நிமிடம். அந்த நாலு நிமிடமும் ஹோலில் அந்த நாலு பேர் ஒரு முழங்கால் காயத்தைப் பற்றிக் கதைத்தார்கள். ஒரு வீரருக்குப் போன வருடம் வந்த முழங்கால் காயம்.

‘ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டார்கள்’ என்று வந்தது. ‘எழும்பி உட்கார்ந்திருக்கிறார். தாடிக்காரர். யாரோடோ வாக்குவாதப்படுகிறார்.’

‘யாரோடு?’

‘டாக்டரோடு என்று நினைக்கிறேன். ஸ்ட்ரெச்சரில் ஏற மாட்டாராம். காரைக் காட்டிக் காட்டி ஏதோ கத்துகிறார்.’

நான் சத்தமாக வாசித்தேன். கிச்சன் வாசலில் அக்கா நின்றதைக் கவனிக்கவில்லை.

“அப்ப அது அவன்தான்” என்றார் அக்கா. “ஒருத்தற்ற சொல்லும் கேக்காதவன்.” பிறகு அண்ணையைப் பார்த்தார். “முன் சக்கரக்காரன் எண்டனீங்கள்?”

அண்ணை பைப்பை மூடினார். அக்கா நேரே ஹோலுக்குப் போய் டிவியை நிறுத்தினார். பிளக்கையும் இழுத்தார். பிறகுதான் இருந்து அழுதார்.

லிண்டா கடைசிவரை எங்களோடு இருந்தார். அம்புலன்ஸ் புறப்பட்டது, எந்தப் பக்கம் திரும்பியது, எல்லாம் எழுதினார். ஸ்கூல் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவராம். ‘ஜெர்மனியில் இதைப் பார்க்க ஆள் இருக்கிறதா?’ என்று ஆச்சரியப்பட்டார். ‘எங்கள் ஊர்ப் பேப்பரே இப்போது ஆள் அனுப்புவதில்லை. ஓடுதளம் அவர்கள் ஆபீஸிலிருந்து பத்து நிமிடம்தான்.’

எவ்வளவோ கேமரா, எவ்வளவோ சட்டலைட், எவ்வளவோ சனல். கடைசியில் ஒரு தாய்க்குச் செய்தி சொன்னது ஸ்கூல் பஸ் ஓட்டிய ஒரு அம்மாவும் அவருடைய தூரப்பார்வைக் கண்ணாடியும்.

ஒன்பதரைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து தர்ஷன் போன் எடுத்தான். வெளியே இன்னும் வெளிச்சம் போகவில்லை. இடது கால் முழங்காலுக்குக் கீழே முறிவு. இரண்டு விலா எலும்பு. வேறொன்றும் இல்லை.

“அப்பா, கார் எத்தினையாவதா வந்தது? இங்க ஒருத்தரும் சொல்லுறாங்களில்லை.”

“தெரியாதடா. எட்டு மணிக்கு நிப்பாட்டிப்போட்டாங்கள்.”

“ஜெர்மனியில பாக்கிறதே நீங்கள் ஒராள்தான். உங்களுக்குமோ காட்டேல்லை?” என்று சிரிக்கத் தொடங்கி, விலா நொந்து, “அம்மா...” என்று நிறுத்தினான். அக்கா போனைப் பறித்தார். அதற்குப் பிறகு பேசியது அவர்கள் வீட்டு விஷயம்.

இதோடு முடிந்திருந்தால் நானும் கோபம் ஆறியிருப்பேன்.

திங்கட்கிழமை காலை, ஞாயிறு முழுக்கத் தேடியும் கிடைக்காத செய்தி எல்லாத் தளத்திலும் இருந்தது! ‘திகில் விபத்து!’ ‘உறைய வைக்கும் காட்சி!’ அந்த ஒரு நொடி மெதுவாக, திரும்பத் திரும்ப. ஒரு தளம் அதற்கு மியூசிக் வேறு போட்டிருந்தது. அந்த ரேஸை யார் வென்றார்கள்? இல்லை. எந்தத் தொடர், எத்தனையாவது ரேஸ்? இல்லை. அடிபட்டவர் யார்? ‘ஒரு மெக்கானிக்.’ உயிரோடு இருக்கிறாரா? கடைசி வரியில், விளம்பரத்துக்குக் கீழே.

வருடம் முழுக்க ஓடுகிறார்கள். ஒரு வரி கிடையாது. ஒருவன் காற்றில் பறந்தால் முதல் பக்கம்.

நம்முடைய ஆட்களையும் விடமாட்டேன். பகலுக்குள் அந்த வீடியோ வட்ஸ்அப்பில் அக்காவுக்கே நாலு பேரிடமிருந்து வந்துவிட்டது. ‘பாருங்கோ என்ன பயங்கரம்’ என்று அழுகிற முகப் படத்தோடு. ஒருவர் ஹனோவரில் இருக்கிற சொந்த மச்சாள். அது தர்ஷன் என்று அவருக்குத் தெரியாது. தர்ஷன் என்ன வேலை செய்கிறான் என்று ஒருநாள் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

செவ்வாய்க்கிழமை ஒரு ஜெர்மன் பேப்பரிலிருந்து நிருபர் அண்ணைக்குப் போன் எடுத்தார். இந்த ஊர்ப் பெடியன் என்று எப்படியோ அறிந்துவிட்டார். படம் வேண்டுமாம். சின்ன வயதுப் படம் இருந்தால் இன்னும் நல்லதாம். நான் அங்கே இருந்தேன். அண்ணை போனைச் சத்தமாகப் போட்டார். ஆலையில் பழகிய ஜெர்மனில், நிதானமாகக் கேட்டார்.

“இதுக்கு முதல் இந்த ரேஸைப் பற்றி எப்ப எழுதினீங்கள்?”

பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்றார் நிருபர்.

“சரி. ஞாயிற்றுக்கிழமை ஆர் வெண்டது எண்டு ஒரு வரி போடுங்கோ. படம் தாறன்.”

இட நெருக்கடி என்றார் நிருபர். அண்ணை ‘நல்ல நாளாக அமையட்டும்’ என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

எனக்குக் கை தட்ட வேண்டும் போல இருந்தது. அண்ணையின் அருமையான கேள்வியை என் பத்தியில் போட வேண்டும் என்று மனதுக்குள் வரிகூட அமைத்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. நம்முடைய இதழின் ஆசிரியர்.

“அக்கா, அந்த அமெரிக்க ரேஸ் விபத்தில அடிபட்டது உங்களுக்குத் தெரிஞ்ச பெடியனாமே? இந்தக் கிழமை அதையே எழுதுங்கோ. படம் ஒண்டு எடுக்கேலுமோ? விழுந்து கிடக்கிறது இருந்தால் நல்லம்.”

“ஓம், எழுதுறன்” என்று சொல்லிவிட்டு நிமிர்ந்தேன். அண்ணை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் இல்லை. அதுதான் சகிக்க முடியவில்லை.

“எழுதுங்கோ பிள்ளை” என்றார். “ஆனால் அவன்ர டீம் வெண்ட கிழமை எழுதியிருக்கலாம்.”

ஓம். போன வருடக் கோடையில் அந்தச் சின்ன டீம் ஒரு ரேஸை வென்றது. கடைசி டயர் மாற்றத்தில் இரண்டு கார்களை முந்தி வெளியே வந்து வென்றது. மறுநாளே அண்ணை என் வீட்டுக்கு வந்தார். ஒரு முழுத் தாளில் எல்லாவற்றையும் தன் கையால் எழுதி, தர்ஷனின் பெயருக்குக் கீழே இரண்டு கோடு போட்டுக் கொண்டுவந்தார். ‘உங்கட பத்திக்கு’ என்றார். நான் தேநீர் கொடுத்தேன். கட்டாயம் எழுதுகிறேன் என்றேன். அவர் போன பிறகு தாளை மேசை லாச்சிக்குள் வைத்து மூடினேன். இதெல்லாம் யார் வாசிப்பார்கள் என்று நினைத்தேன்.

அந்தக் கிழமை நான் எழுதியது என்ன தெரியுமா? சூப்பர்மார்க்கெட்டில் தானே பில் போடுகிற மெஷின் என்னோடு சண்டை பிடித்த கதை. நிறையப் பேர் பாராட்டிக் கடிதம் போட்டிருந்தீர்கள்.

எட்டு மணிக்கு வெட்டியவனைத் திட்ட எனக்கு என்ன தகுதி? அவனாவது எட்டு மணிவரை காட்டினான்.

இருந்தாலும் திட்டுகிறேன். அவனையும், என்னையும், விழுந்தால் மட்டும் திரும்பிப் பார்க்கிற நம் எல்லோரையும். தர்ஷனுக்கு ஆறு கிழமை ஓய்வாம். நாலாவது கிழமையே ஓடுதளத்தில் நிற்பேன் என்று டாக்டரோடு மறுபடி சண்டையாம். தன் கார் வந்தது பதினோராவது என்று அவனே விசாரித்து அப்பாவுக்கு எழுதியிருக்கிறான். எங்கும் வராத செய்தி இது. இங்கே வரட்டும்.

ஆசிரியருக்கு ஒரு குறிப்பு: விழுந்து கிடக்கிற படம் தரமாட்டேன். பெயர் தருகிறேன்: தர்ஷன் குணரத்தினம், வலது பின்சக்கரம். இட நெருக்கடி என்றால் என் பெயரை வெட்டிவிட்டு இதைப் போடுங்கோ.